சலவை இயந்திரத்தின் சர்வீஸ் மானுவல் யார் கையில்?

வாஷிங் மெஷினோடு வரும் புத்தகத்தை நம்பி ஒருமுறை நானும் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். குழாய் திறந்திருக்கிறதா, ஃபில்டரில் அழுக்கா என்று கேட்டது. அதற்கு மேல் போனால் சேவை மையத்தை அழைக்கச் சொன்னது. தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பம்ப் மீட்டரில் எத்தனை ஓம் (மின்தடை அளவு) காட்ட வேண்டும், டிரம்மை எந்த வரிசையில் கழற்றுவது என்பதெல்லாம் சர்வீஸ் மானுவல் என்ற வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. அது யாருக்குக் கிடைக்கும் என்பது நீங்கள் எந்த நாட்டில் துவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி பார்வைக்குக் கம்பீரமானது. 2021 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகள் மோட்டார், பம்ப், மெஷினை இயக்கும் மின்னணு போர்டு எல்லாம் கிடைக்க வேண்டும். ஆர்டர் வந்த 15 வேலைநாட்களுக்குள் அனுப்ப வேண்டும். வயரிங் படம், பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம், பிழைக் குறியீடுகளின் விளக்கம் ஆகியவற்றையும் தந்தாக வேண்டும். ஆனால் யாருக்கு? தொழில்முறை மெக்கானிக்குக்கு. அவரும் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும், காப்பீடு காட்ட வேண்டும், புது மாடல் என்றால் 2 ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். வீட்டுக்காரருக்குக் கதவு, ரப்பர் சீல், சோப்புத்தூள் தட்டு போன்ற சில பாகங்கள் மட்டும். பந்தியில் உட்காரவைத்து ஊறுகாய் மட்டும் பரிமாறுகிற கதை.

கலிபோர்னியா அந்த விஷயத்தில் தாராளம். 2024 ஜூலை 1 முதல் அங்கே உரிமையாளரும் ஆவணங்களைக் கேட்கலாம்; 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பொருளுக்கு, உற்பத்தி நின்ற பிறகும் 7 ஆண்டுகள் வரை. இன்னொரு அமெரிக்க மாநிலமான மினசோட்டாவிலும் அதே நாளில் இத்தகைய சட்டம் வந்தது. நியூயார்க் சட்டமோ வீட்டு உபயோகப் பொருள்களை ஒதுக்கிவிட்டது.

இந்தச் சட்டங்களையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒரு மடித்த காகிதம். அமெரிக்காவில் வேர்ல்பூல் போன்ற நிறுவனங்கள் பல மாடல்களில் தொழில்நுட்பத் தாள் ஒன்றை மெஷினுக்குள்ளேயே செருகி அனுப்புகின்றன. சோதனை ஓட்டத்துக்கு எந்தப் பொத்தான்களை அழுத்துவது, எந்தப் பாகத்துக்கு எத்தனை ஓம் என எல்லாம் அதில் உண்டு. 'சர்வீஸ் டெக்னீஷியனுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படி அச்சிட்டு உரிமையாளர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்! பதிவு, கட்டணம், காத்திருப்பு எதுவும் கிடையாது. மெக்கானிக் மாறினாலும் தாள் மெஷினோடு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றத் தெரிந்தால் போதும்.

நம் ஊரில் செமி ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு மானுவல் தேவைப்பட்டதே இல்லை. இரண்டு மோட்டார், இரண்டு டைமர், கெபாசிட்டர்; தெருமுனை மெக்கானிக்குக்கு மனப்பாடம். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில்தான் சிக்கல். வயரிங் படம் கையில் இல்லாதவர் சந்தேகம் வந்தால் போர்டை மாற்றச் சொல்வார், போர்டு விலையோ சும்மா இல்லை. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் தொடங்கியது. ஆனால் சர்வீஸ் மானுவலைத் தந்தே ஆக வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை. அவை தாமாக முன்வந்து தருவது பெரும்பாலும் சேவை மைய விவரம், உத்தரவாத விதிகள், பிறகு குழாய் திறந்திருக்கிறதா என்று கேட்கும் அதே புத்தகம்.