பல கிட்டுகளைக் கலந்து செய்த மார்ட்ஹைம் படை: ஏழு வருஷத்துக்கு அப்புறம்

மார்ட்ஹைம் என்பது மேஜையில் சின்னப் பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதில் என் படையில் 15 பேர். ஒரே பெட்டியிலிருந்து முழுசாக வந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. உடம்பு ஒரு கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பொம்மைப் பாகங்கள் உள்ள பெட்டி), கைகள் இன்னொரு கிட், தலை வேறெங்கிருந்தோ. 2018-இல் முதல் ஆளைச் செய்தேன். அன்றிலிருந்து வாரம் ஒருநாள் க்ளப் மேஜையில் இறங்கி, பெட்டியில் ஏறி, பஸ்ஸில் குலுங்கி வீடு வருகிறார்கள். எந்த ஒட்டு நின்றது, எது விட்டது என்று சொல்ல எனக்கு இப்போது போதுமான அனுபவம் இருக்கிறது.

மார்ட்ஹைம் 1999-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட விளையாட்டு. வால்மீன் விழுந்து சிதைந்த ஒரு நகரத்தில் சின்னச் சின்னக் கூலிப்படைகள் மோதிக்கொள்ளும். 500 பொற்காசில் படையை ஆரம்பித்து, ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களையும் ஆயுதங்களையும் சேர்க்க வேண்டும். போன வாரம் குறுவாளோடு நின்றவன் இந்த வாரம் குறுக்குவில் வாங்கியிருப்பான். எதிரே இருப்பவர் பொம்மையைப் பார்த்ததும் அது தெரிந்தால்தான் ஆட்டம் ருசிக்கும். இந்த விளையாட்டில் வெட்டி ஒட்டுவது அலங்காரத்துக்காக இல்லை, ஆட்டமே அதைக் கேட்கிறது.

நான் இருப்பது நாட்டிங்காமில். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகமும் இங்கேதான். அங்கே பல வருஷம் சிலை வடித்த ஆலன், மைக்கேல் பெர்ரி சகோதரர்களின் சொந்த நிறுவனமும் இங்கேதான். வார்லார்ட், நார்த் ஸ்டார் என்று இன்னும் பல பொம்மை நிறுவனங்கள். ஈய பொம்மைக் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்கு 'லெட் பெல்ட்' என்று ஒரு பெயர் உண்டு. அதனால் உதிரி பாகங்களுக்கு எனக்குப் பஞ்சம் வந்ததில்லை.

என் ஆட்களில் பாதிப் பேருக்கு உடம்பு ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற இன்னொரு மேஜை விளையாட்டின் சோல்ஜர்ஸ் பெட்டியிலிருந்து. ஒரு பெட்டியில் 20 பேர், தலையும் கையும் தாராளமாக மிஞ்சும். மீதிப் பேருக்கு பெர்ரியின் ரோஜாப் போர்க் காலாட்படை. 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி, சாலட் என்ற அந்தக் காலத் தலைக்கவசம், நீண்ட வில் எல்லாம் அதில் அவ்வளவு அழகாக இருக்கும். வெறிபிடித்த முகங்களுக்கும் சங்கிலி கோத்த கதாயுதங்களுக்கும் வார்ஹாமர் என்ற கற்பனைப் போர் விளையாட்டின் பழைய எம்பயர் ஃபிளாஜெலன்ட்ஸ், தங்களையே சாட்டையால் அடித்துக்கொள்ளும் வெறியர்கள்.

மூன்றுமே '28 மி.மீ.' அளவு பொம்மைகள் என்றுதான் சொல்லப்படும். அந்த எண்ணை நம்பி வாங்க வேண்டாம். வார்ஹாமர் பாணியில் தலை, கை, ஆயுதம் மூன்றும் வேண்டுமென்றே பெருசாக இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காக. பெர்ரி பொம்மைகள் நிஜ மனித அளவுக்கு நெருக்கமானவை, மணிக்கட்டு மெலிசு. ஃபிளாஜெலன்ட் தலையை பெர்ரி உடம்பில் வைத்தால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. அதையே திருப்பிப் போட்டால், பெரிய உடம்பில் பெர்ரி தலையை வைத்தால், ஆள் ராட்சசனாகத் தெரிவான். என் படையின் அடியாள் அப்படிப் பிறந்தவன்தான். ஃப்ராஸ்ட்கிரேவ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எதைக் கலப்பது என்று தெரியாவிட்டால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கைகளில் நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: தோளிலிருந்து மாற்றினால் இரண்டு கையும் ஒரே கிட்டிலிருந்து வர வேண்டும். ஆயுதம் மட்டும் வேறு வேண்டுமென்றால், பிடித்திருக்கும் விரல்களோடு சேர்த்து மணிக்கட்டில் வெட்ட வேண்டும். விரல்களைக் குடைந்து உள்ளே புதுக் கைப்பிடியைச் செருகுவது நன்றாக வந்ததாக என் பெட்டியில் ஓர் ஆள்கூட இல்லை.

தலை மாற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பொம்மை யார் என்று தீர்மானிப்பது தலைதான், முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும். தலை உடம்போடு சேர்ந்து வார்க்கப்பட்டிருந்தால் கிளிப்பரால் நறுக்காதீர்கள், பிளாஸ்டிக் நசுங்கி காலர் போய்விடும். நான் மெல்லிய ரேசர் ரம்பத்தால் தாடைக்குச் சற்றுக் கீழே அறுப்பேன். மிஞ்சிய கழுத்தை உருண்டை முனைக் குடைகருவியால் சின்னக் கிண்ணம் மாதிரி குடைவேன். புதுத் தலையின் கழுத்தடியை உருட்டிச் சீவி, அந்தக் கிண்ணத்தில் ப்ளூ டேக் (ஒட்டி ஒட்டி எடுக்கக்கூடிய களிமண் மாதிரிப் பசை) வைத்து உட்கார்த்திப் பார்ப்பேன். உடனே ஒட்டுவதில்லை. ஒரு ராத்திரி அப்படியே மேஜையில் இருக்கும். காலையில் பார்த்தால் பெரும்பாலும் தலை ஒரு மயிரிழை உயரத்தில் நிற்கும், கழுத்து நீண்டு தெரியும். இன்னும் அரை மில்லிமீட்டர் சீவி, எந்தக் கையில் ஆயுதம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக முகத்தை லேசாகத் திருப்பினால், திடீரென்று ஆள் எதையோ பார்ப்பது போல ஆகிவிடுவான். அந்த நொடிக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன்.

இனி ஒட்டு. மேலே சொன்ன மூன்று கிட்டும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு முகத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், வெல்டிங் செய்த மாதிரி. நான் பயன்படுத்துவது பச்சை மூடி போட்ட டாமியா எக்ஸ்ட்ரா தின். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ்ஷைத் தொட்டால் தானே உள்ளே ஓடும். பெயிண்ட் அடித்த பாகமென்றால் ஒட்டும் இடத்தைச் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. இப்படிச் சிமெண்ட் போட்டதில் ஏழு வருஷத்தில் ஒன்றுகூட விடவில்லை. ஒருமுறை ஓர் ஆள் மேஜையிலிருந்து விழுந்து ஈட்டி முறிந்தது. நான் ஒட்டிய மணிக்கட்டு அப்படியே இருந்தது.

என்னைக் கஷ்டப்படுத்தியது ரெசின், அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின். ஒரு சிறு விற்பனையாளரிடம் ஆறு ரெசின் தலைகள் வாங்கினேன். செதுக்கல் அற்புதம். ஆனால் அச்சிலிருந்து எடுக்கப் பூசும் எண்ணெய் மேலே அப்படியே இருந்தது, நான் கழுவாமல் சூப்பர் க்ளூ போட்டுவிட்டேன். இரண்டு வருஷம் நன்றாக இருந்தன. அப்புறம் ஒரு குளிர்காலத்தில் மூன்று தலைகள் அடுத்தடுத்து உதிர்ந்தன, ஒன்று ஆட்டத்தின் நடுவிலேயே. சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் அடிபட்டால் கண்ணாடி மாதிரி விடும். இப்போது ரெசினை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, உள்ளே பித்தளைக் கம்பியும் வைக்கிறேன்: 0.8 மி.மீ. கம்பி, 0.9 துளை, பின் வைஸ் என்ற சின்னக் கைத்துளைப்பானைக் கையால் சுற்றி. இரண்டு துளையும் நேர்படுவதுதான் சிரமம். ஒரு பக்கம் கம்பியை நட்டு, அதன் முனையில் பெயிண்ட் தொட்டு, மறுபக்கத்தை மெதுவாக அழுத்துங்கள். புள்ளி விழுந்த இடம்தான் துளை. கம்பி வைத்த எதுவும் இதுவரை விழவில்லை. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெட்டது. முகமூடி போட்டுக்கொண்டு, ஈரத்தில் வைத்துத் தேயுங்கள்.

இடுக்குகளை மூட க்ரீன் ஸ்டஃப், இரண்டு பாகத்தைப் பிசைந்தால் இறுகும் களிம்பு. மஞ்சளும் நீலமும் ஒட்டிய நாடாவாக வாங்கினால், இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நடு வரி முன்பே இறுகியிருக்கும். அதை நறுக்கி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசையும்போது கட்டி கட்டியாக வரும். பிசைந்தவுடன் ரொம்ப ஒட்டும். அரை மணி நேரம் விட்டு, கருவியைத் தண்ணீரில் நனைத்து வேலை செய்தால் சொன்னபடி கேட்கும். முழுசாக இறுக ஒரு நாள். கழுத்து ஒட்டு அசிங்கமாக வந்த நாலு பேருக்கு இதில் கழுத்துத் துணி சுற்றினேன். படையிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இன்று அவர்கள்தான்.

காந்தமும் வைத்துப் பார்த்தேன், ஆயுதத்தை மாற்றி மாற்றிப் போடலாமே என்று. 28 மி.மீ. மனிதனின் மணிக்கட்டில் அதற்கு இடமில்லை, தோளில் வைத்தால் கை சுழன்றுகொண்டே இருக்கிறது. பெரிய அசுரன், இயந்திரம் மாதிரியான பொம்மைகளுக்குச் சரி. என் ஆட்களிலிருந்து எல்லாக் காந்தத்தையும் எடுத்துவிட்டேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொருவர் மேலும் பை, கயிறு, விளக்கு, எலும்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டினேன். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்ததும் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி, ஆள் எங்கே, மூட்டை எங்கே என்று தெரியவில்லை. அப்படிச் செய்த ஐந்து பேரை 2021-இல் மறுபடி வெட்டினேன். இப்போது ஒருவருக்கு இரண்டு மாற்றம், மிஞ்சினால் மூன்று. படைத்தலைவருக்கு பெர்ரியின் சாலட் கவசத் தலை, ஃப்ராஸ்ட்கிரேவ் உடம்பு, இடுப்பில் ஒரே ஒரு சாவிக்கொத்து. அந்தச் சாவிகள் எதற்கு என்று எதிரே உட்காருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

உதிர்ந்த மூன்று ரெசின் தலைகளில் இரண்டைக் கம்பி வைத்து ஒட்டியாயிற்று. மூன்றாவது இன்னும் ப்ளூ டேக்கில் நிற்கிறது, நாளை காலை பார்க்க வேண்டும்.