ஷாஃப்டில் ஏறாத கியர்: 3டி பிரிண்டரோடு மூன்று வருஷம்

திருநெல்வேலி பேட்டையில் எங்கள் பட்டறைக்கு 3டி பிரிண்டர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த உருவத்தை ஸ்லைசர் என்கிற மென்பொருள் 0.2 மி.மீ. அடுக்குகளாக நறுக்கிக் கொடுக்கும். மெஷின் 1.75 மி.மீ. பிளாஸ்டிக் இழையை உருக்கி, 0.4 மி.மீ. நாசில் வழியாக முறுக்கு பிழிகிற மாதிரி அடுக்கடுக்காகப் பிழிந்து பொருளாக்கும். வேலை இவ்வளவுதான். பாடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் அப்பள மெஷின் கியரைக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, நாலு பல்லு போயிட்டு. இந்த மாடலையே நிறுத்தியாச்சுங்காவ." வெர்னியர் வைத்து அளந்தேன், வரைந்தேன், சாயங்காலமே பிரிண்ட் போட்டேன். துளையை 12 மி.மீ. என்று வரைந்திருந்தேன், வந்தது 11.8. ஷாஃப்டில் ஏறவே இல்லை. அடுத்து 12.4 வைத்தேன், லொடலொடவென்று ஆடியது. 12.2-க்கு உள்ளங்கையால் ஒரு தட்டு, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. காருகுறிச்சியில் பானை வனைகிறவர்கள் சுருங்குவதற்கும் சேர்த்துப் பெரிதாகவே வனைவார்கள். அந்தக் கணக்கு பிளாஸ்டிக்கிலும் உண்டு என்று அன்றைக்குப் புரிந்தது.

மூன்று கியருக்கும் சேர்த்து இழைச் செலவு நூற்றைம்பது ரூபாய்கூட ஆகவில்லை. நைலான் கட்டையில் இரண்டு தடவை தப்பாக வெட்டியிருந்தால் நட்டம் எவ்வளவோ! சரியாக உட்கார்ந்த கியரை மாதிரியாகக் கொடுத்து நைலானில் வெட்டி வாங்கினோம். பிரிண்ட் போட்டதையே மெஷினில் மாட்டிவிடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். தின்கிற பொருள் ஓடுகிற இடத்தில் நான் மாட்ட மாட்டேன்.

வெயிலைச் சொல்லியாக வேண்டும். பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். சித்திரையில் பைக்கில் மாட்டிய கிளாம்ப் மத்தியானத்துக்குள் வளைந்து தொங்கிவிட்டது. வெளியில் இருக்கப்போகிற பொருளுக்கு இப்போது பி.இ.டி.ஜி. என்கிற வேறு இழைதான், அது 80 வரை தாங்கும். ஐப்பசி மழையில் இழை ஈரம் குடித்து, நாசிலில் சடசடவென்று பொரியும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன். இன்னொன்று, நிற்க வைத்துப் பிரிண்ட் அடித்த கொக்கி அடுக்கு ஒட்டிய இடத்திலேயே முறியும். படுக்கவைத்து அடியுங்கள்.

இப்போதெல்லாம் முழு கியரையும் எடுத்த எடுப்பில் அடிப்பதில்லை. துளைப் பகுதியை மட்டும் 3 மி.மீ. கனத்துக்கு ஒரு வளையமாகப் போடுகிறேன், பத்து நிமிஷம். ஷாஃப்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதி.