பழைய சர்க்கரையின் கணக்கைக் கேட்கும் மருத்துவமனை: காரைக்குடி அனுபவம்

எங்கள் அப்பச்சிக்குச் சர்க்கரை நோய் கண்டு பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு ஆண்டுகள் மதுரையில் இரும்புக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மாத்திரையை நினைவு வந்தபோது மட்டும் போட்டுக்கொண்டார். விசேஷ வீடுகளில் கவுனி அரிசியையும் கந்தரப்பத்தையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அடியோடு மாறிவிட்டார். கடந்த பத்து ஆண்டுகளில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அவருக்கு ஏழைத் தாண்டியதில்லை. அப்படியிருந்தும், சென்ற ஆவணியில் வளவில் வெறுங்காலோடு நடந்தபோது உள்ளங்காலில் ஏறிய சிறு ஆணியை, இரவு படுக்கைக்குப் போகும்போது ஆத்தா சுட்டிக்காட்டும் வரை அவர் உணரவே இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போது கால் ஏன் மரத்துப்போக வேண்டும் என்ற கேள்வியோடுதான், காரைக்குடியில் நீரிழிவுக்கென்றே இயங்கும் ஒரு சிறிய மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்குக் கிடைத்த சேவையைப் பற்றியதே இந்தக் குறிப்பு.

உள்ளே போனதும் மற்ற இடங்களில் கேட்காத ஒன்றைக் கேட்டார்கள். இன்றைய சர்க்கரை அளவை ஒரு வரியில் குறித்துக்கொண்ட மருத்துவர், நோய் கண்ட முதல் ஐந்தாண்டுகளின் பழைய சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு உணர்ச்சியைச் சோதித்தார்கள். அதிர்வை உணரும் திறன், விழித்திரைப் படம், சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றையும் அன்றே பார்த்தார்கள். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டதில், வலது காலுக்கு விகிதம் 0.84 என்று வந்தது, 0.9-க்குக் கீழே இருந்தால் தமனி சுருங்கியிருக்கிறது என்று பொருள். இடது காலில் 1.46 வந்ததைக் கண்டு நான் நிம்மதி அடையப் போனேன். நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிட்டால் அளவு இப்படிப் பொய்யாக உயர்ந்து காட்டும் என்று விளக்கி, கால் கட்டைவிரலில் தனியாக அழுத்தம் பார்த்தார்கள். இந்தக் கவனத்துக்காகவே இந்த இடத்தைப் பிறருக்குச் சொல்லலாம்.

ஆனால் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது அதற்குப் பிந்திய அரைமணி நேரம். "பத்து வருஷமா ஒழுங்கா இருக்கேனே தம்பி, அப்புறமும் ஏன் இப்படி?" என்று அப்பச்சி கேட்டதற்கு, மருத்துவர் ஒரு தாளில் 'பல' என்றும் 'பல்' என்றும் எழுதிக் காட்டினார். "ஐயா, எழுத்து ரெண்டுலயும் ஒண்ணுதான். புள்ளி வச்சதும் படிக்கிற விதமே மாறிப்போச்சு பாருங்க" என்றார். நம் மரபணுவின் எழுத்துகளைச் சர்க்கரை மாற்றுவதில்லை. டிஎன்ஏவின் மேலும், அது சுற்றிவைக்கப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலும் மெத்தில் என்ற வேதித்துணுக்கு போன்ற சிறு குறிகளை ஏற்றியோ நீக்கியோ, எந்த ஜீன் வாசிக்கப்பட வேண்டும், எது மூடிக்கிடக்க வேண்டும் என்பதை அது மாற்றிவிடுகிறது. இந்த இயலைத்தான் எபிஜெனெட்டிக்ஸ் என்கிறார்கள். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமல் எழுதியதை இடம் பார்த்து வாசித்த வழக்கத்தை அறிந்த அப்பச்சிக்கு, இது உடனே பிடிபட்டது.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வொன்றில், மனிதப் பெருநாடியின் உட்சுவர்ச் செல்களைப் பதினாறு மணி நேரம் மட்டும் அதிகச் சர்க்கரையில் வைத்து, பிறகு ஆறு நாட்கள் இயல்பான அளவில் வளர்த்தார்கள். அதன் பின்னும், அழற்சியைத் தூண்டும் ஒரு ஜீனின் முகப்பில் ஏறிய மெத்தில் குறி இறங்கவில்லை. பழைய சர்க்கரையைச் செல்கள் மறக்காத இதே நினைவு மனிதர்களிடமும் தெரிகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த ஆய்வு முடிந்த பிறகு, சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் என்ற இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆயினும் தொடக்கத்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைவாக இருந்ததை 2005-இல் வெளியிட்டார்கள். அவர்களில் சிலரின் இரத்த வெள்ளணுக்களைக் கலிபோர்னியாவில் ரமா நடராஜன் குழுவினர் ஆராய்ந்து, டிஎக்ஸ்என்ஐபி என்ற ஜீனில் பதினாறு, பதினேழு ஆண்டுகள் கழிந்தும் அதே மெத்தில் மாற்றம் நீடிப்பதை 2016-இல் காட்டினார்கள். அப்பச்சியைப் போன்ற இரண்டாம் வகையினருக்கும், பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வு தொடக்கக் கட்டுப்பாட்டின் பயன் நீடிப்பதையே காட்டியது. குறிகள் மட்டுமே காரணம் அல்ல, சர்க்கரை ஒட்டிக் கெட்டுப்போகும் புரதங்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. குறிகளை எழுதும் நொதிகளைப் போலவே அழிக்கும் நொதிகளும் உடலில் உண்டு என்றார். "அதனால இந்தப் பத்து வருஷம் வீணில்லைங்க ஐயா, இது இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்று அவர் சொன்னபோது அப்பச்சியின் முகம் தெளிந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் வரச்சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் காக்க வைத்தது முதியவர்களுக்குச் சரியில்லை. இரத்த ஓட்டம் பார்க்கும் அறை மாடியில் இருக்கிறது. காலில் புண்ணோடு வருகிறவர்களை ஏறச் சொல்வது எப்படி நியாயமாகும் என்று தெரியவில்லை. இவற்றைவிட என்னை வருத்தியது, பணம் கட்டும் இடத்தில் வேறொரு ஆய்வகத்தின் 'எபிஜெனெட்டிக் பரிசோதனை'க்கான துண்டுச்சீட்டைப் பதினான்காயிரம் ரூபாய் விலையோடு நீட்டியது. மருத்துவரிடமே திரும்பிப் போய்க் கேட்டேன். மெத்தில் குறிகளைப் பார்த்து நீரிழிவு மருந்தை முடிவு செய்யும் நடைமுறை இன்று எங்கும் இல்லை, அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்குங்கள் என்றார். அறைக்குள் இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர், தம் முகப்பிலேயே அந்தச் சீட்டை எப்படி அனுமதிக்கிறார் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

முழுப் பரிசோதனைக்கு 2,400 ரூபாய் ஆயிற்று. பழைய சீட்டுகள் இருந்தால் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரையில் வெறுங்காலோடு நடக்க மருத்துவர் அனுமதிக்கவில்லை. இந்த ஆண்டு காவடியோடு வரும் வண்டியில் வருவதாக அப்பச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் 8.4 என்ற எச்பிஏ1சி அளவோடு நோய் கண்ட என் தம்பியை, அடுத்த வாரம் அதே மருத்துவரிடம் தாமே அழைத்துப்போவதாகவும் சொல்லியிருக்கிறார்.