தானா ராத்தா குளிருக்கு எந்த ரெடிமேட் வீடு: கண்டெய்னரா, பேனலா, இரும்புச் சட்டமா?

மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், கையில் இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணம் இருக்கும், எங்கேயோ சின்னதாக ஒரு நிலம் இருக்கும். அந்த நிலையில் இருப்பவர்களிடம் இப்போது பலரும் சொல்வது பேக்டரியில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீட்டைத்தான். செங்கல் வீட்டைவிடச் சீக்கிரம் முடியும், அது உண்மை. ஆனால் விற்பவர்கள் காட்டும் மாதிரிகள் பெரும்பாலும் ஈப்போ, கிள்ளான் வெயிலுக்குச் செய்தவை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மலையூர் தானா ராத்தாவில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும், மழை விட்டாலும் காற்றில் ஈரம் விடாது. இங்கே வீட்டைக் கெடுப்பது அந்த ஈரம்தான், அதனால் மூன்று வகையையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

கண்டெய்னர் வீடு பார்க்க உறுதியானது, உறுதிதான். ஆனால் அதன் சுவர் வெறும் இரும்புத் தகடு, வெளியே 16 டிகிரி என்றால் தகடும் கிட்டத்தட்ட அதே 16-தான். வீட்டுக்குள் 21 டிகிரி, சமையல் ஆவியும் குளியல் சுடுதண்ணீரும் சேர்ந்து ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்று சுமார் 18 டிகிரியிலேயே தண்ணீராக மாறத் தொடங்கிவிடும். அதாவது ராத்திரி முழுக்க சுவர் வியர்க்கும், மெத்தை ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இதைத் தடுக்க உள்பக்கம் இடைவெளி விடாமல் பியு (பாலியூரித்தேன்) நுரை அடித்து அதன்மேல் பலகை போட வேண்டும். போட்டால் அகலம் போய்விடும்: உள்ளே இருப்பதே 2.35 மீட்டர், இரண்டு பக்கமும் கழித்தால் 2.2 மீட்டர்தான் மிஞ்சும். கட்டில் போட்ட பிறகு வயதானவர்கள் நடக்க அது போதாது. கூரைக்கு வெளியே நீட்டமும் கிடையாது, மேலே தனியாக ஒரு கூரை போட்டே ஆக வேண்டும். கடைக்கோ பண்ணைக் கிடங்குக்கோ சரி, அம்மா அப்பா குடியிருக்க நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது சாண்ட்விச் பேனல் கேபின், இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரை வைத்தது. எல்லாப் பேனலும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் நடுவில். மலிவான கேபினில் இருப்பது டிவி பெட்டிக்குள் வரும் அதே வெள்ளை நுரை, இபிஎஸ். பியு நுரை 50 மில்லிமீட்டர் செய்யும் வேலையை அது செய்ய 80 மில்லிமீட்டர் வரை கனம் வேண்டும், ஆனால் விற்பவர் இரண்டையும் '50 எம்எம் பேனல்' என்றே சொல்வார். நெருப்பு இன்னும் பெரிய கவலை. இபிஎஸ் உருகி எரியும், பியு எரிந்தால் விஷப் புகை வரும். தகடு மூடியிருக்கும் வரை ஆபத்து குறைவு, வயர் இழுக்கத் துளை போட்ட இடத்தில்தான் நுரை வெளியே தெரியும். சாமி விளக்கு ஏற்றும் வீட்டில், காஸ் அடுப்புக்குப் பின்னால், ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வைத்த பேனலைக் கேட்டு வாங்குங்கள், அது எரியாது. மற்றபடி, பேனல் மூட்டுகளை நன்றாக அடைத்துத் தந்தால் இது மலைக்கு ஒத்துவரும் வீடு.

மூன்றாவது, துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புச் சட்டம், நடுவே ராக்வூல், வெளியே சிமெண்ட் பலகை. அறையை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஜன்னல் பெரிதாக வைக்கலாம், கரையானுக்கு மரச் சட்டம் போலப் பயப்பட வேண்டாம். குறை ஒன்று உண்டு, சட்டம் இரும்பு என்பதால் ஒவ்வொரு கம்பத்தின் வழியாகவும் குளிர் உள்ளே வரும், அந்த இடத்தில் சுவரில் கோடு கோடாக ஈரம் தெரியும். சட்டத்துக்கு வெளியே 25 மில்லிமீட்டர் நுரைப் பலகை ஒன்றைத் தொடர்ச்சியாகப் போட்டால் அது பெரிதும் அடங்கும். ராக்வூல் நனைந்தால் குளிரைத் தடுக்காது, ஆகவே சிமெண்ட் பலகைக்குப் பின்னால் மழைநீர் வடிந்து போக இடைவெளி விடச் சொல்லுங்கள். கூலி அதிகம், ஆள் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான், பணம் எட்டாவிட்டால் நல்ல பியு பேனலுக்கு.

அமெரிக்காவில் பேக்டரி வீடுகளுக்கு 1976 முதல் ஹட் கோட் என்ற, மத்திய அரசின் வீட்டுவசதித் துறை போட்ட விதி இருக்கிறது. குளிரை வைத்து நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, எந்த மண்டலத்துக்குச் செய்த வீடு என்று வீட்டுக்குள்ளேயே ஒரு தாள் ஒட்டச் சொல்கிறது. வெப்பம் வெளியேறும் அளவு, அவர்கள் அளவுமுறையில், தெற்கு மண்டலத்தில் 0.116 வரை இருக்கலாம், வடக்கில் 0.079-ஐத் தாண்டக்கூடாது; எண் சிறியதானால் வீடு குளிரை நன்றாகத் தாங்கும். வாங்குபவர் அந்தத் தாளைப் பார்த்தாலே போதும். இங்கே கேபின் விற்கும் இடங்களில் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை, அதனால் நாம்தான் வாய் விட்டுக் கேட்க வேண்டும்.

எந்த வகை வாங்கினாலும் தரையைத் தூக்கி வையுங்கள். பழைய பலகை வீடுகளைக் காலின்மேல் நிறுத்தினார்களே, அது இந்த மண்ணுக்குச் சரியான முறை. அடியில் காற்று ஓடும், ஆனால் அதே காற்று தரையைக் குளிர வைக்கும் என்பதால் தரைக்கு அடியிலும் நுரை வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இந்தச் செலவு மிச்சம் பிடிக்கிற செலவு இல்லை. அப்புறம், கேபின்தானே என்று நினைக்காமல் மாவட்ட மன்றத்தில் அனுமதி கேளுங்கள், சரிவில் நிலம் என்றால் மண்ணைப் பார்க்காமல் எதையும் இறக்காதீர்கள். தாப்பாவிலிருந்து மலையேறும் பாதை வளைவுகளில் நாற்பது அடி நீளத்தை ஏற்றுவது பெரும்பாடு, லாரிக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பேக்டரிக்குப் போய், வெட்டிய பேனல் துண்டு ஒன்றைக் கையில் வாங்கி ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நடுவில் என்ன நுரை, எத்தனை மில்லிமீட்டர், சுவருக்கும் கூரைக்கும் தரைக்கும் தனித்தனியாகக் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிறார் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.