கதிர் ஜன்னல் சீரமைப்பு: ஈய வேலை அபாரம், வெளிக்காப்பு சொதப்பல்

பழைய குடியிருப்புக் கட்டடத்துக்குள் ஒரு சிற்றாலயம். அதில் மூன்று ஆர்ட் டெக்கோ வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அடியில் ஒரு புள்ளியிலிருந்து விரியும் கதிர்கள், நடுவே பால் கலந்த தேன் நிற ஓபலெசென்ட் கண்ணாடி, ஓரங்களில் படிக்கட்டு போல ஏறும் பட்டைகள். இவற்றை முழுக்கக் கழற்றி, கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைகளைப் புதிதாகப் போட்டுத் தந்த பட்டறையின் வேலையைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு.

1925 பாரிஸ் கண்காட்சியால் பெயர் பெற்ற இந்த ஆர்ட் டெக்கோ பாணிக்கு நேர்கோடுதான் உயிர். ஈயத்துக்கோ அதுவே எமன். பழைய தேவாலய ஜன்னல்களில் ஈயப் பட்டை உருவங்களைச் சுற்றி வளைந்து நெளிவதால் கண்ணாடிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். இங்கே ஒரே கோடு விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடுகிறது. வெயிலில் ஈயம் விரியும், காற்று தள்ளும், அந்தக் கோடு கதவுக் கீல் போல மடியும். இணைகோடுகள் என்றால் கேட்கவே வேண்டாம், ஆர்மோனியத் துருத்திதான்.

பட்டறைக்கு இது தெரிந்திருக்கிறது. பிரிக்கும் முன்பே காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். நீளக் கோடுகளுக்கு மட்டும் உள்ளே எஃகு வைத்த ஈயம், மற்றவற்றுக்குச் சாதாரண எச் வடிவப் பட்டை. முக அகலம் பழைய 6 மி.மீ.தான். பலம் வேண்டும் என்று 10 மி.மீ. போட்டிருந்தால் கதிர்கள் கூடும் இடம் கறுப்புத் திட்டாகியிருக்கும். அந்த முனையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: பட்டைகளின் நுனியைச் சீவி, ஒன்றின் அடியில் ஒன்றைச் செருகி, காசு போலத் தட்டையாகப் பற்றவைத்திருக்கிறார்கள். தாங்கு கம்பிகளையும் கிடைக்கோட்டு ஈயத்தின் பின்னாலேயே மறைத்துச் செப்புக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

விரிசல் விட்ட துண்டுகளைத் தூக்கி எறியாமல் எபாக்ஸிப் பசையால் ஒட்டியது சரி. புதிதாகப் போட்ட ஒரே ஒரு தேன் நிறத் துண்டுதான் பொருந்தவில்லை. பகலில் தெரியாது, இரவில் உள்ளே விளக்கு போட்டால் தனியாகத் துருத்தும். ஓபலெசென்ட் கண்ணாடியை ஊடுருவும் ஒளியில் மட்டுமின்றி, மேலே பட்டுத் திரும்பும் ஒளியிலும் ஒப்பிட வேண்டும். இடது ஜன்னலின் கீழ்வரிசையை விரலால் தட்டினால் கடகடக்கிறது. சுண்ணத்தூள், ஆளிவிதை எண்ணெய், விளக்குக்கரி சேர்ந்த, இடைவெளியை அடைக்கும் புட்டி அங்கே ஈயத்தின் உதட்டுக்கு அடியில் முழுதாக இறங்கவில்லை. மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும்.

வெளிக்காப்புதான் பெரிய தவறு. ஜன்னலுக்கு வெளியே பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகட்டை வைத்து, நான்கு பக்கமும் சிலிகான் வைத்து அடைத்துவிட்டார்கள். இடையில் சிக்கிய காற்று பகலில் கொதிக்கும், இரவில் ஈரம் வியர்த்து வழியும். கண்ணாடியில் தீட்டிய கோடுகள் உரிவது இப்படித்தான். போதாக்குறைக்கு, போட்டிருப்பது வினிகர் வாடை அடிக்கும் சிலிகான். அந்த அமில ஆவி பட்டால் ஈயம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். பாலிகார்பனேட்டும் நாளடைவில் மஞ்சளாகி மங்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

பராமரிப்புக் குறிப்பும் தரவில்லை. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சு போதும். அம்மோனியா கலந்த கிளீனர் கிட்டவே வரக்கூடாது. தீட்டிய பகுதி உரிந்துகொண்டிருந்தால் பஞ்சும் வேண்டாம்.

தகட்டைக் கழற்றி, மேலும் கீழும் பூச்சிவலை வைத்த காற்றுவழி விடும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.