ஐ.இ.பி. இலக்குகளை எழுத வேண்டியவர் யார்: பள்ளியா, பெற்றோரா, பிள்ளையா?

எங்கள் மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, இருப்பது அவன் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது உறுதியானது. நாங்கள் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் வசிக்கிறோம். அன்று தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளியின் சிறிய அறை ஒன்றில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சிறப்புக் கல்வி பெறும் மாணவர் என்ற முறையில் அவனுக்கென்று வகுக்கப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது இங்கே எல்லோரும் ஐ.இ.பி. என்று சுருக்கிச் சொல்லும் ஆவணத்தை, புதுப்பித்து வருகிறோம். ஏழாம் வகுப்பு வரை அதிலுள்ள இலக்குகளைப் பள்ளியே எழுதியது. எட்டிலும் ஒன்பதிலும் நானும் என் மனைவியும் முன்னின்று எழுதினோம். பத்திலும் பதினொன்றிலும் அவனே எழுதினான். இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். மூன்று வழிகளையும் ஒரே பிள்ளையிடம் பார்த்துவிட்டோம் என்பதால், உயர்நிலைப் பள்ளியில் நுழையும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் எங்களிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் சாய்வு மூன்றாவது வழியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகலாமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான, ஐ.டி.இ.ஏ. எனப்படும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, மாணவருக்கு 16 வயது ஆகும்போது நடப்பிலிருக்கும் ஐ.இ.பி.யில், பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய கல்வி, பயிற்சி, வேலை ஆகியவற்றுக்கான இலக்குகள் இடம்பெற்றிருக்க வேண்டும். விர்ஜீனியாவில் அந்த வயது 14. அவற்றைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரைப் பள்ளி கட்டாயம் அழைக்க வேண்டும். அழைக்கப்பட்ட மாணவர் அங்கே என்ன செய்கிறார் என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதல் வழி, பள்ளியே எழுதுவது. இதில் பெற்றோருக்கு அலைச்சல் குறைவு. எழுதுபவர்கள் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்கள் என்பதால் இலக்குகள் சட்டம் கேட்கும் அளவுகோலுடன் வரும். எங்கள் மகனின் பழைய ஐ.இ.பி.யில் இருந்த ஒரு வரியைச் சொல்கிறேன்: வகுப்பு நிலைக்கேற்ற பத்தியை வாசித்து, அதன்மீதான கேள்விகளுக்கு ஐந்தில் நான்கு முறை 80 விழுக்காடு சரியாக விடையளிப்பான். குறை சொல்ல முடியாத வரிதான். அதே வரி, எண்கள் மட்டும் கொஞ்சம் மாறி, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. ஒன்பது வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் முன்னேற்ற அறிக்கையிலும் ‘போதுமான முன்னேற்றம்’ என்ற ஒரே சொற்றொடர்தான் இருந்தது. ஏழாம் வகுப்பு முடிவில், உன் ஐ.இ.பி.யில் என்னென்ன இலக்குகள் இருக்கின்றன என்று அவனிடம் கேட்டபோது, “எனக்கு இலக்கு இருக்கா அப்பா?” என்று திருப்பிக் கேட்டான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஜிம் மார்ட்டினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 109 ஐ.இ.பி. கூட்டங்களை நேரில் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்ட நேரத்தில் 51 விழுக்காடு சிறப்பாசிரியர்களே பேசினார்கள் என்றும், மாணவர்கள் பேசியது 3 விழுக்காடு என்றும் கண்டார்கள். ஒரு மணி நேரக் கூட்டமென்றால், அது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

இரண்டாவது வழி, பெற்றோர் முன்னின்று எழுதுவது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எட்டாம் வகுப்பில் நாங்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசகர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, அறிக்கைகளையெல்லாம் கோப்பாக அடுக்கிக்கொண்டு போனோம். பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற அளவில் முன்னேற்றத்தை எட்டவைக்கும் திட்டமாக ஐ.இ.பி. இருக்க வேண்டும், ஏதோ கொஞ்சம் நகர்ந்தால் போதும் என்பது போதாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் சொன்னதை எடுத்துக்காட்டி வாதாடினோம். அதனால் வாரத்துக்கு இரண்டு முறையாக இருந்த வாசிப்புப் பயிற்சி ஐந்து முறையானது. அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் அவன் இன்று வாசிக்கும் வேகத்தில் பாதிகூட வந்திருக்காது என்றே நம்புகிறேன். பள்ளி தர வேண்டிய சேவையையே தராமல் இழுத்தடிக்கும் இடத்தில், அல்லது பிள்ளை சிறு வகுப்பில் இருக்கும்போது, இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஆனால் இலக்குகளைப் பொறுத்தவரை நாங்கள் எழுதியவை எங்கள் பயத்திலிருந்து பிறந்தவை. தினமும் கதைப்புத்தகத்தில் 20 பக்கம் வாசித்துக் குறிப்பெழுதுவான் என்று ஓர் இலக்கை வற்புறுத்திச் சேர்க்கவைத்தேன். கூட்டம் முழுக்க அவன் சட்டைக்கையின் நூலை இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் குறிப்பேட்டில் பதினொரு நாள் குறிப்புதான் இருக்கிறது.

மூன்றாவது வழிக்குப் போவதற்கு முன்பு நாங்கள் ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. அது நம்மவர் வீடுகளில் பரவலாக இருக்கும் தடை என்பதால் சொல்கிறேன். அதுவரை ‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல்லை நாங்கள் அவன் காதுபட உச்சரித்ததில்லை. ‘உனக்குப் படிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்’ என்றே சொல்லிவந்தோம். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியிடமும் அதே பேச்சுதான். தன் குறைபாட்டின் பெயரே தெரியாத பிள்ளை அதற்கான இலக்கை எப்படி எழுதும்? பத்தாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையில், மதிப்பீட்டு அறிக்கையை அவன் கையில் கொடுத்து, மூன்று மாலைகள் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தோம். அவன் அழுவான் என்று பயந்திருந்தோம். “அப்போ நான் சோம்பேறி இல்லை” என்றுதான் சொன்னான்.

பிள்ளைகளே திட்டமிடுவதற்கு ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன. நாமாக எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விர்ஜீனியா கல்வித் துறையின் ஐ’ம் டிடர்மிண்ட் என்ற திட்டத்தில் ‘ஒன்-பேஜர்’ என்று ஒரு தாள் உண்டு. தன் பலங்கள், விருப்பங்கள், ஆர்வங்கள், தேவைகள் ஆகியவற்றை மாணவரே அதில் ஒரு பக்கத்துக்குள் எழுதுவார். கூட்டத்தை மாணவரே நடத்தக் கற்றுத்தரும் செல்ஃப்-டைரக்டட் ஐ.இ.பி. என்ற பாடத்தொகுப்பில், கூட்டத்தின் நோக்கத்தைச் சொல்வதில் தொடங்கி 11 படிகள் உண்டு. எஸ்.டி.எல்.எம்.ஐ. என்று அழைக்கப்படும் கற்பித்தல் முறையோ, என் இலக்கு என்ன, என் திட்டம் என்ன, நான் எதைக் கற்றேன் என்று மூன்று கட்டங்களாகப் பிரிந்து, கட்டத்துக்கு நான்காக மொத்தம் 12 கேள்விகளை மாணவரே தன்னிடம் கேட்டுக்கொள்ளவைக்கிறது.

பெற்றோர் பலர் இவற்றில் முதலில் மயங்குவது கூட்டத்தை நடத்தும் பகுதியில்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகள் பத்து ஸ்லைடுகள் தயாரித்து அழகாகப் பேசி, ஆசிரியர்கள் கைதட்ட, தாயின் கண் கலங்க, கூட்டம் முடிந்தது. இலக்குகள் மட்டும் முந்தைய வாரம் பள்ளி அனுப்பிய வரைவில் இருந்தவையே. பேசப் பழகியது நல்லதுதான். ஆனால் மறுநாள் முதல் அந்த இலக்கை யார் பார்த்துக்கொள்வது?

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புக் கேள்விதான். ஐ.இ.பி. கூட்டம் ஆண்டில் ஒரு மணி நேரம். இலக்கு உயிரோடு இருக்க வேண்டியது மீதிப் பன்னிரண்டு மாதமும். பள்ளி எழுதிய இலக்கைக் கண்காணிப்பவர் கேஸ் மேனேஜர், அதாவது பிள்ளையின் ஐ.இ.பி.க்குப் பள்ளியில் பொறுப்பாக இருப்பவர். அவர் எவ்வளவு அக்கறை உள்ளவராக இருந்தாலும் இன்னும் பல பிள்ளைகளின் கோப்புகள் அவர் கையில் இருக்கும். ஏதோ சரியில்லை என்பது ஒன்பது வாரம் கழித்து வரும் அறிக்கையில்தான் நமக்குத் தெரியும். பெற்றோர் எழுதிய இலக்கைக் கண்காணிப்பவர் பெற்றோர். அது தினசரிச் சண்டையில் முடியும் என்பதற்கு அந்தப் பதினொரு நாள் குறிப்பேடே சாட்சி.

பத்தாம் வகுப்பில் அவன் எழுதிய இலக்கு இது: தேர்வுகளுக்கு எனக்கு உரிய ஒன்றரை மடங்கு நேரத்தை, யாரும் நினைவூட்டாமல், நானே ஆசிரியரிடம் முன்கூட்டிக் கேட்பேன், பத்துத் தேர்வுகளில் எட்டிலாவது. இந்தச் சலுகை ஆறு ஆண்டுகளாக ஐ.இ.பி.யில் எழுதப்பட்டிருந்தும், பாதித் தேர்வுகளில் அவன் அதைப் பயன்படுத்தவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஓர் இன்டெக்ஸ் அட்டையில் தேதி, பாடம், கேட்டேனா, கிடைத்ததா என்று நான்கு கட்டம் போட்டு, கால்குலேட்டர் உறைக்குள் செருகிவைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையை மேசையில் வைப்பான். நாங்கள் பார்க்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட விதி.

முதல் ஆறு வாரத்தில் ஏழு தேர்வுகள் வந்தன. இரண்டில் மட்டுமே கேட்டிருந்தான். அட்டையைப் பார்த்தபோது என் வாய் துறுதுறுத்தது. என் மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்திராவிட்டால் ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பேன். அவன் பென்சிலை உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தவறவிட்ட ஐந்தில் மூன்று ஒரே வகுப்பில் என்பதைக் கண்டுபிடித்தான். மணி அடித்ததும் அந்த ஆசிரியரின் மேசையைச் சுற்றி மற்ற மாணவர்கள் நிற்பார்களாம். அவர்கள் முன்னால் கேட்கக் கூச்சம். இலக்கை மாற்றவில்லை, வழியை மாற்றினான்: தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மின்னஞ்சல். டிசம்பர் விடுமுறைக்குள் அடுத்த ஒன்பது தேர்வுகளில் எட்டில் கேட்டுவிட்டான். அந்த 12 கேள்விகளில் மூன்றாம் கட்டம் சொல்வது இதைத்தான்: முன்னேற்றம் இல்லையென்றால் திட்டத்தையோ இலக்கையோ மாணவரே திருத்த வேண்டும். இலக்கையே மாற்ற வேண்டி வந்தாலும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2004-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பெற்றோரும் பள்ளியும் ஒப்புக்கொண்டால் கூட்டம் கூட்டாமலேயே எழுத்து மூலமாக மாற்றிக்கொள்ளலாம்.

இதே பராமரிப்புதான் பள்ளிக்குப் பிறகும் கேட்கப்படும். பட்டயம் பெற்று உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் நாளோடு ஐ.இ.பி. முடிந்துவிடுகிறது, கல்லூரிக்கு அதைப் பின்பற்றும் கடமை இல்லை. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் இரண்டு சட்டங்கள், அதாவது 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், 1990-ஆம் ஆண்டின் ஏ.டி.ஏ. சட்டமும் பொருந்தும், அவற்றின் கீழ் சலுகை வேண்டுமென்றால், மாணவரே கல்லூரியின் மாற்றுத்திறனாளி அலுவலகத்துக்குப் போய், தனக்கு இன்ன குறைபாடு இருக்கிறது என்று சொல்லி, ஆவணம் காட்டிக் கேட்க வேண்டும். கேஸ் மேனேஜரும் இல்லை, அப்பாவும் இல்லை. 18 வயதில் ஐ.இ.பி. உரிமைகள்கூடப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடுகின்றன. அதைப் பற்றி ஓராண்டு முன்பே பள்ளி தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கடிதம் சென்ற மாதம் வந்தது.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எடுத்த எடுப்பில் எழுதும் இலக்கு பெரும்பாலும் அளக்க முடியாததாகவோ மிகச் சிறியதாகவோ இருக்கும். எங்கள் மகனின் முதல் வரைவு ‘எந்தப் பாடத்திலும் சி தரத்துக்குக் கீழே போகாமல் இருப்பேன்’ என்பது. எப்படி, எதைச் செய்து, யார் பார்த்து என்று கேஸ் மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு அதை நான்கு முறை திருத்தவைத்தார். அப்படியொருவர் அமையாவிட்டால் இந்த வேலை பெற்றோர் தலையில்தான் விழும். அதோடு, பிள்ளை எழுதுகிறான் என்பதால் பள்ளியின் பொறுப்பு குறைந்துவிடாது. வாசிப்பு இலக்கை எடுத்துவிடலாம் என்று அவன் சொன்னபோது நாங்கள் சம்மதிக்கவில்லை. வாசிப்பு, எழுத்து ஆகிய இரண்டு இலக்குகளைப் பள்ளியே எழுதி அளக்கிறது. மற்ற இரண்டும் அவனுடையவை. ஆக, எங்கள் வீட்டில் நடப்பது மூன்றாவது வழியின் தூய வடிவம் இல்லை.

எங்கள் மகன் நன்றாகப் பேசக்கூடியவன். பேச்சுக்குக் கருவியின் துணை வேண்டிய பிள்ளைகளிடமும், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளிடமும் இது எப்படி அமையும் என்பதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கவைத்து இலக்கு அமைத்த ஒரு குடும்பத்தை அறிவேன். அங்கே அட்டையில் குறியிடுவதற்குப் பதிலாக, அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் ஒரு பாசிமணியை ஜாடியில் போடுகிறான். அது போதுமா என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கூச்சமோ பதற்றமோ அதிகமுள்ள பிள்ளையைப் பெரியவர்கள் நிறைந்த அறையில் பேசச் சொல்லி வற்புறுத்துவதைவிட, அட்டையிலிருந்து தொடங்குவது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

பத்தாம் வகுப்புக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பதும் எங்கள் வருத்தம். பள்ளியிலிருந்து விடைபெறும்போது மாணவரின் செயல்திறனையும், இனி அவருக்குத் தேவைப்படும் உதவிகளையும் சுருக்கி ஓர் ஆவணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதன் முதல் வரைவைத் தானே எழுதிப் பார்ப்பதாக அவன் கேஸ் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான். இந்த ஆண்டு அட்டையில் ‘பாடம்’ என்ற கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு ‘கல்லூரி’ என்று எழுதியிருக்கிறான். அவன் விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் மாற்றுத்திறனாளி அலுவலகங்களுக்கு அவனே தொலைபேசியில் பேச வேண்டும் என்பது இலக்கு. ஐந்தில் இதுவரை ஒன்றுக்குத்தான் பேசியிருக்கிறான்.