கடைசிப் பக்கங்கள் கழன்ற புத்தகம்

பைண்டிங்குக்குக் கொடுத்திருந்த ‘தி நேச்சுரல்’ என்ற பேஸ்பால் நாவல் போன வாரம் திரும்பி வந்தது. முதுகு விட்டுப்போய், கடைசிப் பக்கங்கள் கழன்று அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்தன. அது தெரியாமலே நண்பர் ஒருவருக்கு இரவல் கொடுத்திருந்தேன். மனிதர் “முடிவைக் காணோமே” என்று என்னிடம் கேட்கவில்லை. மீதியைப் போனில் படமாகப் பார்த்து முடித்துவிட்டு, “கடைசியில ஒரு அடி அடிச்சான் பாருங்க!” என்றார்.

நாவலில் அவன் அடிக்கவே இல்லை ஐயா. ஸ்ட்ரைக் அவுட், பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழக்கிறான்.

புத்தகமும் டிவிடியும் பதினெட்டு வருஷமாக என்னிடம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் பெர்னார்ட் மலமூடின் முதல் நாவல், 1952. பாரி லெவின்சனின் படம், 1984. பத்தொன்பது வயதில் சிகாகோ ஹோட்டல் அறையில் ஒரு பெண்ணால் சுடப்பட்ட ராய் ஹாப்ஸ், பல வருஷம் கழித்து, ஓய்வு பெறுகிற வயதில் புது ஆட்டக்காரனாக வந்து சேருகிற கதை. (சுட்டது வெறும் கற்பனை இல்லை. 1949இல் எடி வெய்ட்கஸ் என்ற பேஸ்பால் வீரரை ஒரு ரசிகை அப்படித்தான் சிகாகோ ஹோட்டலில் தன் அறைக்கு வரவழைத்துச் சுட்டாள். அவர் பிழைத்து, அடுத்த வருஷமே ஆடவும் வந்துவிட்டார்.)

முடிவை மாற்றியதற்காகத்தான் எல்லோரும் படத்தைத் திட்டுவார்கள். நானும் முதல் பத்து வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எரிச்சலூட்டுவது வேறொன்று, ஒரு சாப்பாட்டு விஷயம். நாவலில் ராய் பெரும் தின்னி. முக்கியமான ஆட்டத்துக்கு முன்னால் விருந்தில் அடங்காமல் தின்று, வயிறு தாங்காமல் சுருண்டு விழுகிறான். படத்தில் அவன் சாப்பிட்டதில் யாரோ விஷம் வைத்துவிடுகிறார்கள்! தானாக விழுந்தவனைத் தள்ளிவிடப்பட்டவனாக்கிவிட்டார்கள். நாவலில் பெண்ணாசையில், ஆட்டத்தைத் தோற்றுக்கொடுக்கப் பணம் வாங்கச் சம்மதிப்பவன், படத்தில் மாட்டேன் என்கிறான். ஆளைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுவிட்ட பிறகு, கடைசிப் பந்தை அவன் அடிக்காமல் எப்படி இருப்பான்?

மலமூட் அவனை விடுவதே இல்லை. உடைந்துபோன தன் மட்டையை இரவில் மைதானத்திலேயே புதைக்கிறான். அப்புறம் தெருவில் பேப்பர் விற்கும் பையன் ஒருவன், இதெல்லாம் பொய்யென்று சொல்லு ராய் என்று கெஞ்சுகிறான். 1919 பேஸ்பால் சூதாட்ட ஊழலில் சிக்கிய வீரர் ஜோ ஜாக்சனிடம் ஒரு சிறுவன் கேட்டதாகச் சொல்கிறார்களே, அதே கேள்வி. ராயால் பதில் சொல்ல முடியவில்லை, அழுகிறான். அந்த அரைப் பக்கத்தைத்தான் என் பிரதி அலமாரிக்குப் பின்னால் போட்டுவைத்திருந்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ராய் தொடர்ந்து சொதப்பிக்கொண்டிருக்கும்போது, படத்தில் அவனுடைய பழைய காதலியாக வரும் க்ளென் க்ளோஸ் மட்டும் கூட்டத்தில் எழுந்து நிற்பாரே, பின்னாலிருந்து வெயில் அந்த வெள்ளைத் தொப்பிக்குள் புகுந்து எரியும். கேலப் டெஷனெலின் கேமரா செய்த வேலை. நாவலில் அந்த இடத்தை வாசிக்கும்போதுகூட இப்போது எனக்குப் படத்தின் வெயில்தான் தெரிகிறது. ராயாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்டுக்கு அந்த வேஷத்துக்கு வயது அதிகம்தான். ஆனால் அவர் மட்டையைச் சுழற்றும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

பைண்டிங் நன்றாகவே வந்திருக்கிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டார்கள். நண்பரை உட்காரவைத்துக் கடைசிப் பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். படித்தார். “படமே தேவலை” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரியே டிவிடியைப் போட்டேன், தப்பு எங்கெங்கே என்று குறித்துவைத்து அவருக்குச் சொல்ல. கடைசியில் பந்து போய் விளக்குகளில் மோதி, பொறி மழையாகக் கொட்ட, ராண்டி நியூமனின் இசை எழும்பியபோது கையில் பேனா இருந்தது. ஒன்றும் எழுதவில்லை.

இப்போது அவர் பெரிய டிவியில் பார்க்க டிவிடியை இரவல் கேட்கிறார். தர மாட்டேன். புத்தகத்தை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும்.